கர்த்தரைச் சார்ந்த குடும்பம்: ஷிப்ட் வேலையும் வாரக் கடனும் உள்ள வீட்டில்

பாலக்கோட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டிருக்கும் இளைஞர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் ஊரில் அவருடைய பெற்றோருடன் இருக்கிறார்கள். தாயார் இன்னும் விசுவாசத்துக்கு வரவில்லை. கட்டட வேலைக்காக மனைவி பெயரில் குழுக் கடனும், அதற்கு மேல் நகைக் கடனும் ஏறியிருக்கின்றன. குடும்ப ஜெபம் நின்று பல மாதங்கள் ஆகிவிட்டன. "கர்த்தரைச் சார்ந்த குடும்பம் என்று பிரசங்கத்தில் கேட்கிறோம், எங்களைப் போன்ற வீட்டில் அது நடைமுறையில் எப்படி இருக்கும்? பாரத்தை அவர்மேல் வைத்துவிட்டால் போதுமா, அல்லது நாங்கள்தான் ஏதோ செய்யத் தவறுகிறோமா?" என்பது அவருடைய கேள்வி.

தம்பி, ஒரு குடும்பம் கர்த்தரைச் சார்ந்திருக்கிறதா என்பது அந்த வீட்டில் எத்தனை பாட்டுகள் பாடப்படுகின்றன என்பதில் தெரிவதில்லை; கடன் வாங்கும்போதும், கோபம் வரும்போதும், பிள்ளைக்கு வரன் பார்க்கும்போதும் யாருடைய சொல் கடைசிச் சொல்லாக இருக்கிறது என்பதில்தான் தெரிகிறது. நம் வீடுகளில் கதவுக்கு மேலே "கிறிஸ்து இந்த வீட்டின் தலைவர்" என்ற பலகை தொங்குகிறது. தலைவர் என்று எழுதி வைத்துவிட்டு, வரவு செலவு, சம்பந்தம், சொத்துப் பங்கீடு ஆகிய எதிலும் அவரைக் கேட்காமலே முடித்துவிட்டு, நோய் வந்தபோது மட்டும் அவரிடம் போவது, வயதான தகப்பனைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு வீட்டை நாமே நடத்துவதைப் போன்றது. பாரத்தை அவர்மேல் வைப்பதற்கு முன்னால், முடிவை அவர் முன்னால் வைக்க வேண்டும். அவர் மறுத்தால் விட்டுவிடவும் மனம் இருக்க வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் கேள்வியின் ஒவ்வொரு பகுதிக்கும் வருகிறேன்.

வீடு கட்டுகிறவர்களுக்கு நம் சபைகளில் முதலில் வாசிக்கப்படுவது 127ஆம் சங்கீதம். "கர்த்தர் வீட்டைக் கட்டாராகில் அதைக் கட்டுகிறவர்களின் பிரயாசம் விருதா" என்ற முதல் வசனம் எல்லாருக்கும் மனப்பாடம். அந்த வசனம் கட்டுகிறவர்கள் கட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், காவலாளரும் விழித்திருக்கிறார்கள். கர்த்தர் இல்லாவிட்டால் அவர்கள் உழைப்பு வீண் என்பதுதான் பேச்சு. எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, மறுபடி கட்டிய நெகேமியா, பகைவர் சதி செய்வதை அறிந்தபோது தேவனை நோக்கி ஜெபித்தார். அதே மூச்சில் இரவும் பகலும் காவலும் வைத்தார். ஜெபித்ததால் காவல் தேவையில்லை என்றும் அவர் எண்ணவில்லை. காவல் இருப்பதால் ஜெபத்தை நிறுத்தவும் இல்லை. ஆகவே, சிமெண்டு கணக்குப் பார்ப்பதும், மேஸ்திரியிடம் ஒப்பந்தத்தை எழுதி வாங்குவதும், குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதும், ஆயுள் காப்பீடு எடுப்பதும் அவிசுவாசம் அல்ல. கட்டத் தொடங்குகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று லூக்கா 14ஆம் அதிகாரத்தில் கேட்டவர் நம் ஆண்டவரே.

ஆனால் அதே சங்கீதத்தின் இரண்டாம் வசனம் அவ்வளவாகப் பிரசங்கிக்கப்படுவதில்லை. உங்களுக்கு அதுதான் அதிகம் தேவை. அதிகாலையில் எழுந்து, நேரம் போவது தெரியாமல் வேலையில் தரித்து, வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுவதும் வீண் என்றும், தமக்குப் பிரியமானவனுக்கு அவரே நித்திரை அளிக்கிறார் என்றும் அது சொல்கிறது. வீட்டைக் கர்த்தர் கட்டுகிறார் என்று நம்புகிறவனுக்கு வேதம் காட்டும் முதல் அடையாளமே அவன் தூங்குகிறான் என்பதுதான். ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து, அப்படியே ஓ.டி. பார்த்து, பேருந்தில் தலை சாய்ந்தபடி ஊர் வந்து, பகலில் கட்டட வேலையை மேற்பார்த்து, மறுபடி வண்டி ஏறும் வாழ்க்கை சில வாரங்களுக்குத் தாங்கும். அதுவே வழக்கமாகிவிட்டால், அந்த மனிதன் வாயால் எதைச் சொன்னாலும், எல்லாம் தன் தோளில்தான் நிற்கிறது என்று அவன் உடம்பு நம்பிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளிடம் எரிந்து விழுவதும் மனைவியிடம் பேசாமல் போவதும் பெரும்பாலும் இந்தத் தூக்கமின்மையில் தொடங்குகின்றன. உங்கள் வீட்டு ஜெபம் நின்றுபோனதற்கும் பக்திக் குறைவைவிட இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் ஓ.டி.யை மறுத்துவிடுங்கள். தரைக்கு டைல்ஸ் மூன்று மாதம் தாமதமாகும், ஆகட்டும்.

உங்கள் தகப்பனார் தக்காளி போடுகிறவர் என்று எழுதியிருந்தீர்கள். இந்த விஷயத்தில் அவருக்குத் தெரிந்தது உங்களுக்கு மறந்துபோயிருக்கலாம். பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் ஒரு பருவத்தில் நல்ல விலைக்குப் போகும் தக்காளி, அடுத்த பருவத்தில் பறிப்புக் கூலிக்கே கட்டாமல் சாலையோரத்தில் கொட்டப்படுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மானாவாரியில் ராகியும் சாமையும் விதைத்தவர்களுக்கு, தன் கையில் இல்லாத ஒன்றை நம்பித்தான் விதைக்கிறோம் என்பது ஒவ்வோர் ஆண்டும் நினைவுக்கு வரும். உபாகமம் 11ஆம் அதிகாரத்தில் மோசே இதையே ஜனங்களிடம் சொல்கிறார்: நீங்கள் விட்டு வந்த எகிப்து, கீரைத் தோட்டத்தைப் போலக் காலால் நீர் பாய்ச்சிய தேசம், நீங்கள் போகிற தேசமோ மலைகளும் பள்ளத்தாக்குகளும் உள்ளது, வானத்து மழையைக் குடிப்பது. அதாவது, கர்த்தர் தம் ஜனங்களைக் குடியேற்றத் தெரிந்துகொண்டது நைல் நதியின் உறுதி இருந்த நிலத்தை அல்ல, அண்ணாந்து பார்க்க வேண்டிய நிலத்தை. மாதத் தொடக்கத்தில் கணக்கில் சம்பளம் ஏறிவிடும்போது இந்த அண்ணாந்து பார்க்கும் பழக்கம் மெல்ல விட்டுப்போகிறது. எட்டாம் அதிகாரம் எச்சரிக்கிற "என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும்" என்ற எண்ணம் ஓசூர்ச் சம்பளக்காரருக்கு வருவது எளிது. ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்து ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகும் நாள் வரையில் அது இருக்கும். சம்பளம் வந்த அன்று இரவு, அதிலிருந்து ஒரு ரூபாயும் செலவழிக்கும் முன்பு, கணவனும் மனைவியும் சேர்ந்து அதற்காக நன்றி சொல்லிக் காணிக்கையை எடுத்து வையுங்கள். தசமபாகமா, அதற்குக் குறைவா என்று கடன் உள்ளவர்கள் கேட்பதுண்டு. கடன்காரனுக்குச் சேர வேண்டியதை நிறுத்திவிட்டு உண்டியலில் போடச் சொல்லி நான் யாருக்கும் ஆலோசனை சொல்வதில்லை. முடிந்ததை மனப்பூர்வமாக, முதலில் எடுத்து வைத்தால் போதும்.

இனிக் கடனைப் பற்றி. இரண்டாம் இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களை இருவரும் சேர்ந்து வாசியுங்கள். தீர்க்கதரிசிகளின் புத்திரரில் ஒருவன், கர்த்தருக்குப் பயந்து நடந்தவன், கடனோடு இறந்துபோனான். கடன் கொடுத்தவன் அவனுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகக் கொண்டுபோக வந்துவிட்டான். பக்தியுள்ள வீட்டிலும் கடன் ஏறும் என்பதை வேதம் மறைக்கவில்லை. தீர்க்கதரிசி எலிசா, தம்மிடம் வந்து முறையிட்ட அவன் மனைவியைப் பார்த்து உன் புருஷனுக்கு விசுவாசம் குறைவு என்று குத்திக்காட்டவும் இல்லை. அவர் கேட்டது, வீட்டில் உன்னிடம் என்ன இருக்கிறது என்றுதான். ஒரு குடம் எண்ணெய் இருந்தது. அண்டை வீட்டாரிடமெல்லாம் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொன்னார். கதவைப் பூட்டிக்கொண்டு பிள்ளைகளோடு ஊற்றச் சொன்னார். பாத்திரங்கள் தீர்ந்தபோது எண்ணெய் நின்றது. பிறகு அவர் சொன்ன வரிசையைக் கவனிக்க வேண்டும்: எண்ணெயை விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததைக் கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள். அற்புதத்தால் வந்த பணத்திலும் கடனுக்குத்தான் முதலிடம்.

இதில் நம் ஊருக்குப் பொருந்துவது நிறைய இருக்கிறது. முதலாவது, வீட்டில் என்ன இருக்கிறது என்ற கணக்கு. பெரும்பாலான குடும்பங்களில் கணவனுக்கு மனைவியின் குழுக் கடன் எவ்வளவு என்று முழுமையாகத் தெரியாது; மனைவிக்குக் கணவன் நண்பரிடம் வாங்கிய கைமாற்று தெரியாது; சீட்டு எடுத்தது மாமியாருக்குத் தெரியாது. ஒரு நோட்டில் எல்லாக் கடனையும், யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எந்தக் கிழமை தவணை என்று எழுதி, இருவரும் அதைப் பார்த்து ஜெபியுங்கள். ஒளித்து வைத்ததை அவர் முன்னால் கொண்டுவருவதில்தான் சார்ந்திருத்தல் தொடங்குகிறது. கேட்கச் சுகமாக இராது, ஆனாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இரண்டாவது, குழுக் கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றப் பெண்கள் சேர்ந்து கட்ட வேண்டியிருக்கும் என்பதால், உங்கள் தவணை தவறுவது உங்களுக்கும் கடவுளுக்கும் இடையிலான விஷயம் மட்டும் அல்ல. பக்கத்து வீட்டுப் பெண்ணின் அரிசிப் பானையையும் அது தொடும். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி அடுத்த வாரக் கடனை எடுத்து இந்த வாரத் தவணையைக் கட்டுவது விசுவாசம் அல்ல. தனியாரிடம் அதிக வட்டியில் இருக்கும் நகையை வங்கிக்கோ கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கோ மாற்றினாலே வட்டிச் சுமை கணிசமாக இறங்கும். விற்கக்கூடியது ஏதேனும் இருந்தால், கௌரவம் பார்க்காமல் விற்று, பெரிய வட்டியை முதலில் அடையுங்கள். மூன்றாவது, அந்த விதவை பாத்திரத்துக்காக அக்கம்பக்கத்து வாசல்களில் போய் நின்றாள். நாமோ சபைக்குத் தெரியாமல் கடனைச் சுமக்கிறோம். சாட்சி சொல்லும்போது மட்டும் எழுந்து நிற்கிறோம். உங்கள் ஆயரிடமோ, நாவை அடக்கத் தெரிந்த ஒரு மூப்பரிடமோ உண்மை நிலையைச் சொல்லிவிடுங்கள்.

புதுவருட ஆராதனையில் அந்த ஆண்டுக்கென்று அட்டையாக எடுக்கும் வாக்குத்தத்த வசனத்தைப் பற்றியும் ஒரு சொல். "நீ கடன் வாங்காதிருப்பாய்" என்ற வரி அட்டையில் வந்ததற்காக, கட்டி முடிக்காத வீட்டின்மேல் இன்னொரு மாடிக்குத் திட்டம் போட்டவர்கள் உண்டு. அந்த வசனம் இருக்கும், கீழ்ப்படிந்தால் என்ற நிபந்தனையோடு தொடங்குகிற உபாகமம் 28ஆம் அதிகாரம் முழுவதையும் வாசித்தால் அந்தத் துணிச்சல் வராது. அட்டையைச் சுவரில் ஒட்டுங்கள், அதிகாரத்தையும் வாசியுங்கள்.

கர்த்தரைச் சார்ந்த வீட்டுக்குத் துன்பம் வராது என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். மத்தேயு 7ஆம் அதிகாரத்தில், கன்மலையின்மேல் கட்டிய வீட்டிலும் மணலின்மேல் கட்டிய வீட்டிலும் மோதியது ஒரே மழை, ஒரே பெருவெள்ளம், ஒரே காற்று. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, சாலையில் நின்ற வாகனங்களை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை நாம் பார்த்தோம். அந்த வெள்ளம் யார் வீட்டில் வேதாகமம் இருக்கிறது என்று பார்த்து விலகிப் போகவில்லை. கிருஷ்ணகிரிச் சபைகளின் வரலாற்றிலும் இது உண்டு. அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபையின் இந்திய ஊழியம் 1895இல் தொடங்கிய இடம் கிருஷ்ணகிரிதான். அதைத் தொடங்கிய தியோடர் நேதர் 1904இல் கொள்ளைநோயால் இறந்தார். கர்த்தருக்காகவே கடல் கடந்து வந்தவருக்குக் கிடைத்த ஊழியக் காலம் அவ்வளவுதான். அவர் தொடங்கிய ஊழியமோ நின்றுபோகவில்லை. ஆண்டவர் சொன்ன உவமையில் வித்தியாசம், அவர் வார்த்தைகளைக் கேட்டு அதன்படி செய்கிறவன், கேட்டும் செய்யாதவன் என்பதில் இருக்கிறது. இருவருமே கேட்டவர்கள். இருவருமே, நம் வழக்கில் சொன்னால், ஞாயிறு தவறாமல் கோவிலுக்கு வருகிறவர்கள். லூக்கா தம் சுவிசேஷத்தில் ஒரு விவரம் சேர்க்கிறார்: முதலாமவன் ஆழமாகத் தோண்டினான். கடைக்கால் எடுக்கும் செலவும் வேலையும் எவருடைய கண்ணிலும் படாது. வெளிப்பூச்சைத்தான் உறவினர் பார்த்துப் பாராட்டுவார்கள். குடும்பத்திலும் அப்படி வெளியில் தெரியாமல் நடக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

அவற்றில் ஒன்று குடும்ப ஜெபம். உங்களுக்கு வாரம் ஒரு ஷிப்ட் மாறும் என்றால், இரவு ஒன்பது மணிக்கு அனைவரும் அமர வேண்டும் என்ற சட்டம் உங்கள் வீட்டில் நிற்காது; நிற்காத சட்டத்தை வைத்துக்கொண்டு குற்ற உணர்வோடு இருப்பதைவிட அதை மாற்றிவிடலாம். உபாகமம் 6ஆம் அதிகாரம் பிள்ளைகளுக்குப் போதிக்கும் நேரங்களாகச் சொல்பவை, வீட்டில் உட்காரும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்பும்போது. மணி குறிப்பிடப்படவில்லை. பகல் ஷிப்ட் வாரத்தில் இரவு உணவுக்குப் பின். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் முன். இரவு ஷிப்ட் வாரத்தில் நீங்கள் வண்டி ஏறும் முன் வாசற்படியில் நின்றபடியே ஒரு சங்கீதமும் ஒரு ஜெபமும். ஓசூரிலேயே தங்க வேண்டிய நாட்களில் போனில் பேசி முடிக்கும்போது குழந்தைகள் ஆளுக்கு ஒரு வாக்கியம் ஜெபிக்கட்டும். மொத்தமும் பத்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். குடும்ப ஜெபத்தைக் கொல்வது பெரும்பாலும் நீளம்தான். அதற்கு அடுத்தபடி, தகப்பன் அதைப் பிரசங்க மேடையாக்கி, அன்றைக்குப் பிள்ளை செய்த தவறுகளையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கர்த்தரிடம் புகார் சொல்வது. பாட்டைச் சின்னவள் தேர்ந்தெடுக்கட்டும். ஒரு சுவிசேஷத்தைத் தொடங்கினால் வரிசையாக, நாளுக்குச் சில வசனங்கள் என்று முடிக்கப் பாருங்கள். கடன் நோட்டில் ஒரு கணக்கு அடைந்தால் அதற்கான ஸ்தோத்திரத்தைப் பிள்ளைகள் கேட்கும்படி சொல்லுங்கள். பணம் வானத்திலிருந்து விழவில்லை, அப்பாவின் உழைப்பும் அம்மாவின் சிக்கனமும் கர்த்தருடைய தயவும் சேர்ந்து அடைந்தது என்று அவர்கள் அறிய வேண்டும்.

கணவன் மனைவி உறவைப் பற்றி எபேசியர் 5ஆம் அதிகாரத்தைத்தான் எல்லாரும் எடுப்பார்கள். பெரும்பாலும் 22ஆம் வசனத்தில் தொடங்குவார்கள். ஒரு வசனம் முன்னால் போய், தெய்வ பயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். அதன் பிறகு மனைவிக்குச் சொல்லப்படுவதைவிடக் கணவனுக்குச் சொல்லப்படுவது நீளமானது, விலையும் அதிகம்: கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல. உங்கள் வீட்டு நிலையில் இது எப்படி இருக்கும் என்றால், நாள் முழுவதும் மாமியாரோடும் இரண்டு குழந்தைகளோடும் கட்டட ஆட்களுக்குத் தேநீரோடும் வாரத் தவணை வசூலுக்கு வருகிறவரோடும் தனியாக நிற்பவர் உங்கள் மனைவி என்பதை முதலில் ஒப்புக்கொள்வது. தவணை நாளன்று வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டியவராக அவரை விட்டுவிட்டு, ஜெபத்தில் அவருக்குப் பொறுமையைத் தாரும் என்று கேட்பது சரியாகாது. ஆதியாகமம் 2:24 தகப்பனையும் தாயையும் விட்டு மனைவியோடே இசைந்திருப்பதைப் பற்றிப் பேசுகிறது. அது பெற்றோரைக் கைவிடச் சொல்லவில்லை, ஆனால் அம்மாவுக்கும் மனைவிக்கும் இடையே வரும் பேச்சில் மனைவியைத் தனியாக விட்டுவிடாதே என்பதும் அதில் அடங்கும். சண்டை வந்தால், பிள்ளைகள் முன்னால் நடந்த சண்டைக்குப் பிள்ளைகள் முன்னாலேயே மன்னிப்புக் கேளுங்கள்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும், இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு இருக்கும் பெண்ணிடம், ஜெபித்துக்கொண்டு பொறுத்திரு என்று மட்டும் சொல்லி அனுப்புவது நம் சபைகளில் இன்னும் நடக்கிறது. அது ஆலோசனை அல்ல. அவளும் பிள்ளைகளும் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் அவளுக்கு உண்டு. குடியை நிறுத்த அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சிகிச்சை உண்டு. கர்த்தர் மருத்துவர் வழியாகவும் சட்டத்தின் வழியாகவும் செயல்படுவார் என்பதை ஏற்பதும் அவரைச் சார்ந்திருப்பதுதான்.

தாயார் விசுவாசத்துக்கு வராததைப் பற்றி வருத்தப்பட்டிருந்தீர்கள். பவுலின் உடன் ஊழியனான தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன்; பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் கொண்டிருந்த மாயமற்ற விசுவாசமே அவனுக்கு வந்தது. முழுக் குடும்பமும் ஒரே நம்பிக்கையில் இருந்தால்தான் கர்த்தர் வேலை செய்வார் என்பது இல்லை. நம் மாவட்டங்களில் பல குடும்பங்கள் இன்னும் முதல் தலைமுறையாகத்தான் வந்திருக்கின்றன. பொங்கலன்றும் ஊர்த் திருவிழாவன்றும் வீட்டில் சங்கடம் வரத்தான் செய்யும். வழிபாட்டில் பங்கெடுக்க முடியாது என்பதை ஒருமுறை பணிவோடு சொல்லிவிட்டு, அம்மாவின் முழங்கால் வலிக்குத் தைலம் தேய்ப்பதிலும், அவர் கிண்டிய களியை உட்கார்ந்து ருசித்துச் சாப்பிடுவதிலும் குறை வைக்காதீர்கள். தன் சொந்த வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று தீமோத்தேயுவுக்கே பவுல் எழுதினார். பேத்திகள் பாட்டிக்கு அருகே அமர்ந்து பாடட்டும். அவரை மாற்ற வேண்டும் என்ற நோக்கத்தோடு பாடவேண்டியதில்லை.

அந்தப் பேத்திகளைப் பற்றி: 127ஆம் சங்கீதம் பிள்ளைகளைக் கர்த்தரால் வரும் சுதந்தரம் என்கிறது. அடுத்த வசனத்தில் வரும் குமாரர், அம்பு என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு, ஆண் பிள்ளை வேண்டி உபவாச ஜெபம் வைக்கச் சொல்பவர்கள் உங்களிடமும் வருவார்கள், ஏற்கெனவே வந்திருக்கவும் கூடும். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம், 2001இல் தருமபுரிக்கும் கொண்டுவரப்பட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட மண்ணில் இரண்டு பெண் குழந்தைகளை மகிழ்ச்சியோடு வளர்ப்பதே ஒரு பெரிய சாட்சி. மூன்றாவதாக ஒரு பையன் வேண்டுமே என்ற பேச்சை வீட்டுக்குள் வளர விடாதீர்கள். அதைக் கேட்கும் பெண் குழந்தைக்கு, கர்த்தர் தன்னைத் தவறுதலாக அனுப்பிவிட்டார் என்ற எண்ணம் வந்துவிடும். அவர்களுடைய படிப்புக்கு இப்போதே மாதம் சிறிது சேருங்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் வரன் வருகிறது என்று சொல்லும் உறவினரிடம், பதினெட்டுக்கு முன் திருமணம் சட்டப்படி குற்றம் என்று சொல்லி முடித்துவிடலாம். நாளை வரன் பார்க்கும்போது சாதியையும் சவரனையும் கேட்டு முடித்த பிறகு, கடைசியாக ஞானஸ்நானம் ஆகியிருக்கிறதா என்று விசாரிக்கும் நம் கிறிஸ்தவ வழக்கத்தை உங்கள் வீட்டோடு நிறுத்த முடியுமா என்று இப்போதே இருவரும் பேசிக்கொள்ளுங்கள். கர்த்தர்தான் தலைவர் என்பது அந்த நாளில் கடுமையாகச் சோதிக்கப்படும். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் பந்தியில் உட்காராமலும் போகலாம்.

கடைசியாக, வீட்டுப் பிரதிஷ்டை. கூரை போட்டுக் கதவு வைத்து, மின்சார இணைப்பு கிடைத்ததும் குடிபோய்விடுங்கள். பூச்சும் டைல்ஸும் பிறகு வரட்டும். கிடா அடித்துப் பந்தி போட்டு, ஒலிபெருக்கி கட்டிச் செய்ய வேண்டும் என்று சொல்வார்கள். அதற்கென்று இன்னொரு நகைக் கடன் வேண்டாம். ஆயரையும், அக்கம்பக்கத்து வீட்டாரையும், கட்டிய மேஸ்திரியையும் கூலியாட்களையும் அழையுங்கள். தேநீரும் பொரி கடலையும் போதும். கூலி பாக்கி யாருக்காவது இருந்தால் அன்றைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள், யாக்கோபு 5ஆம் அதிகாரம் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுவதைப் பற்றிப் பேசுகிறது. முதல் ஜெபத்தை உங்கள் மனைவி செய்யட்டும். ஆயரிடம் தேதி கேட்கும்போது உங்கள் ஷிப்ட் வாரத்தையும் சொல்லிவிடுங்கள். இரவு ஷிப்ட் முடித்து வந்த காலையில் வைக்க வேண்டாம்.